'கேட்ச்' என்றால் 'பிடி' மட்டுமா? பொருள், மாற்றுச் சொற்கள், அடிக்கடி வரும் கேள்விகள்

ஆங்கிலத்தில் சின்ன வயதிலேயே கற்றுக்கொள்ளும் வினைச்சொற்களில் 'கேட்ச்' ஒன்று. பந்து விளையாடும்போதே வந்துவிடுகிறது. அதனாலேயே அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, 'பிடி' என்று ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டு காலம் முழுக்க ஓட்டிவிடுகிறோம். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுகிறவர்களுக்கு இந்த ஒரு சொல்லில் வரும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.

கேட்ச் என்றால் பிடி. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

பாதிதான் சரி. நம் 'பிடி' இரண்டு வேலை செய்கிறது. ஓடுகிற ஒன்றைப் பிடிப்பதும் பிடிதான், பிடித்ததை விடாமல் வைத்திருப்பதும் பிடிதான். ஆங்கிலம் இதை இரண்டாகப் பிரித்துவிட்டது: முதலாவது 'கேட்ச்', இரண்டாவது 'ஹோல்டு'.

கூட்டமான டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறீர்கள். உட்கார்ந்திருப்பவரிடம் பையை நீட்டி "இதைக் கொஞ்சம் பிடிங்க" என்கிறீர்கள். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார். இதை ஆங்கிலத்தில் சொல்லும்போது நம்மில் பலர் "கேட்ச் திஸ் பேக்" என்று சொல்லிவிடுகிறோம். கேட்கிறவர் பையை நீங்கள் தூக்கி எறியப் போகிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். அங்கே வர வேண்டியது 'ஹோல்டு'. "ஏணியைப் பிடி", "குழந்தை கையைப் பிடிச்சுக்கோ", "வரிசையில் என் இடத்தைப் பிடிச்சு வை" எல்லாமே ஹோல்டு வகைதான்.

அடையாளம் வைத்துக்கொள்ளச் சுலபமான வழி: ஓடுவது, பறப்பது, நழுவுவது, நம்மைக் கடந்து போகப் பார்ப்பது, இப்படி ஏதோ ஒன்று அசைந்துகொண்டிருக்க வேண்டும். அது நம் கையில் வந்து நிற்கிற அந்தக் கணம் கேட்ச். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் ஹோல்டு. கீழே வருகிற அர்த்தங்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் இந்த ஒரு விஷயத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

இந்த அர்த்தம் எங்கிருந்து வந்தது?

வேட்டையிலிருந்து. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அவர்களோடு வந்து சேர்ந்த பிரெஞ்சுச் சொற்களில் இதுவும் ஒன்று. மூலச் சொல்லுக்கு 'துரத்து, வேட்டையாடு' என்று பொருள். அதே மூலத்தின் வட பிரான்ஸ் உச்சரிப்பு ஆங்கிலத்தில் 'கேட்ச்' ஆனது, மத்திய பிரான்ஸ் உச்சரிப்பு 'சேஸ்' ஆனது. துரத்துவதும் பிடிப்பதும் உடன்பிறந்த சொற்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இன்னும் பின்னால் போனால் லத்தீன், அங்கிருந்துதான் 'கேப்சர்' என்பதும் வந்தது.

பழைய ஆங்கிலத்தில் 'கேட்ச்போல்' என்று ஒரு உத்தியோகப் பெயர் இருந்தது. நேர்ப்பொருள் 'கோழி துரத்துபவன்', ஆள் யாரென்று பார்த்தால் வரி வசூலிப்பவர். பணம் கொடுக்க முடியாதவர் வீட்டுக் கோழியைப் பிடித்துக்கொண்டு போவார்களாம். பிற்காலத்தில் கடன் கட்டாதவர்களைக் கைது செய்யும் அதிகாரிக்கும் இதே பெயர் வந்தது.

இறந்த காலம் 'கேட்ச்ட்' ஏன் இல்லை?

'வாட்ச்', 'மேட்ச்' எல்லாம் ஒழுங்காக 'ட்' சேர்த்துக்கொள்ளும்போது இது மட்டும் 'காட்' என்று மாறுகிறது. முன்பு ஆங்கிலத்தில் இதே பொருளில் இருந்த சொந்தச் சொல் 'லேட்ச்'. அதன் பழைய இறந்த கால வடிவத்தைப் பார்த்து இதற்கும் அதே மாதிரி அமைந்துவிட்டது. 'டீச்' என்பதற்கு 'டாட்' வருவது போல என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் நடுவே வரும் 'ஜி', 'எச்' இரண்டுக்கும் ஒலி கிடையாது. 'கேட்ச்ட்' என்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

சளி பிடித்தால் கேட்ச், சர்க்கரை நோய் வந்தால்?

வராது. தொற்றிக்கொள்கிற நோய்க்கு மட்டும்தான் கேட்ச். சளி, காய்ச்சல், அம்மை, கொரோனா எல்லாம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவுகின்றன, அதனால் பொருந்தும். கொசு மூலம் வருகிற டெங்குவுக்கும் சொல்லலாம். சர்க்கரை, பிபி, புற்றுநோய் போன்றவற்றுக்கு 'கெட்' அல்லது 'டெவலப்' போடுங்கள். இதே காரணத்தால் "இஸ் இட் கேட்ச்சிங்?" என்று யாராவது கேட்டால் "இது ஒட்டிக்குமா?" என்று கேட்கிறார்கள் என்று அர்த்தம்.

இதில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் எழுவாய் தலைகீழ். நமக்குச் சளி 'எனக்கு' வந்து பிடிக்கிறது. ஆங்கிலத்தில் நான்தான் சளியைப் பிடிக்கிறேன்: "ஐ காட் எ கோல்டு". அப்படியே மொழிபெயர்த்து "கோல்டு காட் மீ" என்று எழுதினால் தப்பு. மாற்றுச் சொல் வேண்டுமென்றால், மருத்துவ அறிக்கை நடையில் 'கான்ட்ராக்ட்', பேச்சில் 'கம் டவுன் வித்', 'பிக் அப்'.

பஸ் பிடிப்பதற்கு கேட்ச்சா, டேக்கா?

இரண்டும் சரி, ஆனால் ஒன்றல்ல. தினமும் எதில் போகிறீர்கள் என்று சொல்ல 'டேக்'. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து ஏறுவதைச் சொல்ல 'கேட்ச்'. "ஆபீசுக்கு பஸ்ஸில் போவேன்" என்றால் டேக், "ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கணும், கிளம்புறேன்" என்றால் கேட்ச். பஸ் நமக்காக நிற்காது, போய்விடும் என்ற அவசரம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ஏறுவதை மட்டும் சொல்ல 'போர்டு', விமான நிலைய அறிவிப்புகளில் கேட்டிருப்பீர்கள்.

திருடனைப் பிடிப்பதற்கு எத்தனை சொல்? எல்லாம் ஒன்றுதானா?

இங்கேதான் மாற்றுச் சொற்கள் அதிகம், குழப்பமும் அதிகம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தெருவில் செயினைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவனை நான்கு பேர் துரத்திப் பிடிக்கிறார்கள். அது கேட்ச். அவனை போலீசிடம் ஒப்படைக்கிறார்கள், அவர்கள் சட்டப்படி காவலில் எடுக்கிறார்கள். அது 'அரெஸ்ட்'. இந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள் 'நிறுத்து'. இதயம் நின்றுபோவதை 'கார்டியாக் அரெஸ்ட்' என்று டாக்டர்கள் சொல்வதும் அதனால்தான், அதற்கும் போலீசுக்கும் சம்பந்தமில்லை. 'அப்ரிஹெண்ட்' என்பதும் கைதுதான், ஆனால் ஏட்டு நடை. பேசும்போது அதைச் சொன்னால் எஃப்ஐஆர் வாசிப்பது போல இருக்கும். 'டிடெய்ன்' என்றால் தடுத்து வைப்பது. கைது என்று முறையாகப் பதிவாகாமல் விசாரணைக்காக உட்கார வைத்திருந்தாலும் இந்தச் சொல் வரும், ஆகவே செய்தி படிக்கும்போது இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

'நேப்' என்பது கொஞ்சம் பேச்சு வழக்கு, ஆனால் தலைப்புச் செய்தியில் நிறைய வரும், காரணம் எழுத்துகள் குறைவு. இந்திய ஆங்கிலப் பத்திரிகைகளில் "டூ ஹெல்டு" என்று தலைப்பு பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் கைது என்று பொருள். ஹோல்டு இங்கே வந்து நிற்பதும் முதலில் சொன்ன கணக்குப்படிதான், பிடித்தாயிற்று, இப்போது கையில் இருக்கிறார்கள்.

'சீஸ்' பொருளுக்கு. விமான நிலையத்தில் தங்கம் பிடிபட்டால் தங்கத்தை சீஸ் செய்வார்கள், கொண்டுவந்தவரை அரெஸ்ட் செய்வார்கள். இரண்டையும் மாற்றிப் போட்டால் வாக்கியம் கெட்டுவிடும். நம் 'பறிமுதல்' இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. இதன் பெயர்ச்சொல் 'சீஷர்', வலிப்பு வருவதற்கும் அதுதான் பெயர்.

'கேப்சர்' இன்னும் பெரிய காரியம். திட்டம் போட்டு, ஆள் சேர்த்து, பலத்தோடு பிடிப்பது. போரில் ஊரைப் பிடிப்பது, சிறையிலிருந்து தப்பியவரைப் பிடிப்பது, காட்டு விலங்கைப் பிடிப்பது. 2023 ஜூனில் தேனி மாவட்டத்தில் அரிக்கொம்பன் யானையை வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டார்களே, அது கேப்சர். அந்த இடத்தில் கேட்ச் போட்டால் ஓடிப்போய் வாலைப் பிடித்தது போல ஆகிவிடும். செஸ்ஸில் காயை வெட்டுவதும் கேப்சர்தான்.

தப்பு செய்கிறபோது கையும் களவுமாகப் பிடிப்பதற்கு "ரெட் ஹேண்டட்" சேர்த்துக்கொள்கிறோம். போலீஸ் இல்லாமலும் இது நடக்கும். அம்மா வந்து பார்க்கும்போது பையன் போனில் விளையாடிக்கொண்டிருந்தால் "ஷி காட் ஹிம் பிளேயிங்". 'டு பிளே' வராது, 'இங்' வடிவம்தான் வரும். தேர்வில் அடிக்கடி வருகிற இடம் இது.

கையால் பிடிப்பதற்கு வேறு சொற்கள்?

'கிராப்' சட்டென்று பற்றுவது. 'ஸ்னாட்ச்' பிடுங்குவது, அடுத்தவர் கையில் இருந்ததை எடுப்பது, செயின் பறிப்பில் வருவது இதுதான். 'கிளட்ச்' பயத்தில் இறுக்கிப் பிடிப்பது, 'கிரிப்' வழுக்காமல் பிடிப்பது. 'கிராஸ்ப்' கையால் பற்றுவதற்கும் வரும், மனதால் புரிந்துகொள்வதற்கும் வரும். ஒருவர் இன்னொருவருக்கு அனுப்புவதை வழியில் பிடிப்பது 'இன்டர்செப்ட்': பந்தாக இருக்கலாம், ஏவுகணையாக இருக்கலாம், கடிதமாகக்கூட இருக்கலாம்.

மீன் பிடிப்பது?

கேட்ச்தான். வலையில் என்றால் 'நெட்', தூண்டிலில் என்றால் 'ஹூக்', கரைக்கோ படகுக்கோ இழுத்துச் சேர்த்தால் 'லேண்ட்'. கண்ணி வைத்துப் பிடிப்பது 'ஸ்னேர்', பொறி வைத்தால் 'ட்ராப்'. பெயர்ச்சொல்லாக வரும்போது கேட்ச் என்றால் அன்றைக்குக் கிடைத்த மொத்த மீன், நம் கடற்கரைகளில் 'மீன்பாடு' என்று சொல்வது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் திரும்பியதும் ஆங்கிலப் பத்திரிகைகள் "குட் கேட்ச்" என்று எழுதினால் பாடு நன்றாக இருந்தது என்று அர்த்தம். கல்யாணப் பேச்சில் ஒருவரை "குட் கேட்ச்" என்றால் நல்ல வரன்.

கிரிக்கெட்டில் "காட் எ கேட்ச்" என்று சொல்லலாமா?

வேண்டாம். நாம் 'கேட்ச் பிடிச்சான்' என்கிறோம், ஆங்கிலத்தில் கேட்ச் பெயர்ச்சொல்லாக வந்தால் வினை 'டேக்'. "ஹி டுக் எ கேட்ச்". விட்டுவிட்டால் 'டிராப்'. அவுட் ஆனவரைச் சொல்ல "ஹி வாஸ் காட்".

கிரிக்கெட் சட்டங்களில் 33ஆவது சட்டம் கேட்ச் பற்றியது. பந்து தரையில் படுவதற்கு முன் பிடிக்க வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. பந்தும் ஃபீல்டரின் உடம்பும் முழுக்க அவர் கட்டுப்பாட்டுக்கு வந்தால்தான் கேட்ச் முடிந்தது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அசைவு நிற்கிற அந்தக் கணம்தான் கேட்ச் என்பதை இவ்வளவு கறாராகச் சொன்ன அகராதியை நான் பார்த்ததில்லை. 1983 உலகக் கோப்பை இறுதியில் 33 ரன் எடுத்து வெளுத்துக்கொண்டிருந்த வெஸ்ட் இண்டீஸின் ரிச்சர்ட்ஸ் மதன்லால் பந்தைத் தூக்கி அடிக்க, கபில்தேவ் பின்பக்கமாக ஓடிப் பிடித்தாரே, அங்கே பந்து, ஆள் இரண்டுமே ஓட்டத்தில் இருந்தன. 2024 ஜூன் 29 அன்று பார்படாஸில் டி20 உலகக் கோப்பை இறுதியின் கடைசி ஓவர், தென்னாப்பிரிக்காவுக்கு 6 பந்தில் 16 ரன் வேண்டும். மில்லர் அடித்த முதல் பந்தை சூர்யகுமார் எல்லைக்கோட்டருகே பிடித்தார், உடம்பு வெளியே போகிறது என்று தெரிந்ததும் பந்தை மேலே தட்டிவிட்டுக் கோட்டைத் தாண்டி, திரும்ப உள்ளே வந்து பிடித்தார். முதல் தடவை பிடித்தது சட்டப்படி கேட்ச் ஆகவில்லை. உடம்பு இன்னும் நிற்கவில்லையே!

நம் தெரு கிரிக்கெட்டின் 'ஒன் பிட்ச் ஒன் ஹேண்ட்' கேட்ச் எந்தச் சட்டத்திலும் இல்லை. வேறு நாட்டு நண்பர்களிடம் சொல்லும்போது விளக்கம் சேர்த்துச் சொல்லுங்கள்.

"ஐ டிட்ன்ட் கேட்ச் யுவர் நேம்" என்றால்?

உங்கள் பெயர் காதில் சரியாக விழவில்லை என்று பொருள். போனில் பேசும்போது "வாட்? வாட்?" என்று கேட்பதைவிட இது எவ்வளவோ மரியாதை, கட்டாயம் பழகிக்கொள்ளுங்கள். பேச்சும் கடந்து போகிற ஒன்றுதான். கண்ணுக்கும் இதே கதை: "கேட்ச் சைட் ஆஃப்" என்றால் ஒரு கணம் பார்வையில் படுவது. "கேட்ச் ஹிஸ் ஐ" என்றால் அவர் பார்வையை நம் பக்கம் திருப்புவது, ஹோட்டலில் சர்வரை எப்படியாவது நம்மைப் பார்க்க வைக்கிறோமே, அது. ஒரு தடவை கேட்டதும் மனதில் ஒட்டிக்கொள்கிற பாட்டு 'கேட்ச்சி'.

மழையில் மாட்டிக்கொண்டால்?

"காட் இன் த ரெயின்". டிராஃபிக்குக்கும் அப்படியே. தமிழில் 'பிடி' வராமல் 'மாட்டு', 'சிக்கு' வருகிற இடங்கள் இவை. சட்டை ஆணியில் மாட்டினாலும், துப்பட்டா வண்டிச் சக்கரத்தில் சிக்கினாலும், விரல் கதவு இடுக்கில் அகப்பட்டாலும் கேட்ச்தான். எதிர்பாராமல் மாட்டிக்கொண்டால் "காட் ஆஃப் கார்டு".

"கேட்ச் யுவர் பிரெத்" என்றால் மூச்சைப் பிடிப்பதா?

இல்லை! பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். மாடி ஏறி இரைக்கிறது, கொஞ்சம் நின்று மூச்சு வாங்கி ஆசுவாசப்படுத்திக்கொள்கிறோம், அதுதான் இது. ஓடிப்போன மூச்சைத் திரும்பப் பிடிக்கிறோம். தண்ணீருக்குள் தம் பிடிப்பது, எக்ஸ்ரே எடுக்கும்போது மூச்சைப் பிடிப்பது எல்லாம் 'ஹோல்டு'. ஆஸ்பத்திரியில் இந்த இரண்டையும் மாற்றிக்கொண்டால் படம் கெட்டுவிடும்.

"வாட் இஸ் த கேட்ச்?" என்கிறார்களே?

"இதில் என்ன வில்லங்கம்?" என்று கேட்கிறார்கள். பாதி விலைக்கு போன், வட்டியில்லாக் கடன், இப்படி ஏதாவது வரும்போது உள்ளே ஒளிந்திருக்கிற நிபந்தனைதான் கேட்ச். வீடு வாங்கும்போது வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிற ஊரில் இந்தக் கேள்வியை யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 'கேட்ச் 22' என்பது ஜோசப் ஹெல்லர் 1961இல் எழுதிய நாவலின் தலைப்பு. மனநிலை சரியில்லாத விமானப்படை வீரர் பறக்க வேண்டியதில்லை, ஆனால் அதை அவரே கேட்க வேண்டும், கேட்டால் அவருக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம், ஆகவே பறக்க வேண்டும். முன் அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை கிடைத்தால்தான் அனுபவம் என்று சுற்றவிடுவதும் கேட்ச் 22தான்.

பின்னால் அப், ஆன், அவுட் சேர்ந்தால்?

'கேட்ச் அப்': பின்தங்கியிருந்து எட்டிப் பிடிப்பது, விட்டுப்போன பாடத்தை முடிப்பது, ரொம்ப நாள் பார்க்காதவரோடு உட்கார்ந்து கதை பேசுவது. 'கேட்ச் ஆன்': தாமதமாகப் புரிந்துகொள்வது, அல்லது ஒரு பழக்கம் பரவுவது. 'கேட்ச் அவுட்': கேள்வி கேட்டு ஒருவர் பொய்யை வெளியே கொண்டுவருவது.

கேட்ச்மென்ட் ஏரியாவுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, தமிழில் 'நீர்ப்பிடிப்புப் பகுதி' என்றே சொல்கிறோம். மழை பெய்து ஓடுகிற தண்ணீர் எந்தப் பரப்பிலிருந்து ஒரு அணைக்கோ ஏரிக்கோ வந்து சேருகிறதோ அந்தப் பரப்பு. மேட்டூர் அணை நிரம்பக் கர்நாடகத்தில் மழை பெய்ய வேண்டியிருப்பது இதனால்தான், அந்த அணைக்கு மேலே உள்ள காவிரி நீர்ப்பிடிப்பில் பெரும்பகுதி அங்கே இருக்கிறது. ஒரு ஏரியின் நீர்ப்பிடிப்பில் ஓடையை அடைத்து வீடு கட்டினால், ஊருக்குள் எவ்வளவு மழை பெய்தாலும் ஏரிக்குத் தண்ணீர் வராது.

புரோகிராமிங்கில் வருகிற கேட்ச்?

ஜாவா, சி பிளஸ் பிளஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் பிழை ஏற்பட்டால் அதை 'த்ரோ' செய்வார்கள், அதாவது எறிவார்கள். எறிந்ததை வேறு இடத்தில் பிடிக்கிற பகுதி 'கேட்ச்'. யாரும் பிடிக்காவிட்டால் புரோகிராம் பொதுவாக அங்கேயே நின்றுவிடும். பைத்தானில் இதற்கு 'எக்ஸெப்ட்' என்று பெயர்.

எதிர்ச்சொல் என்ன?

எந்தக் கேட்ச் என்பதைப் பொறுத்தது. பஸ்ஸுக்கும் காதில் விழாததற்கும் 'மிஸ்'. கையில் வந்த பந்துக்கு 'டிராப்', பிடித்த மீனுக்கோ கைதிக்கோ 'ரிலீஸ்'.

தமிழில் 'பிடி' வந்தும் கேட்ச் போடக் கூடாத இடங்கள்?

நிறைய. போட்டோ பிடிப்பது 'டேக்'. வாடகைக்கு வீடு பிடிப்பது 'ஃபைண்ட்'. சம்பளத்தில் பிடித்தம் 'டிடக்‌ஷன்'. கால் பிடித்துவிடுவது 'மசாஜ்'. அடம் பிடிக்கும் குழந்தைக்கு 'ஸ்டபர்ன்', குடை பிடிப்பதற்கு 'ஹோல்டு'. எனக்குப் பிடிக்கும் என்றால் 'லைக்'. ஆனால் தீப்பிடிப்பது மட்டும் இரண்டு மொழியிலும் அப்படியே, "கேட்ச் ஃபயர்", தாராளமாகப் போடலாம்.

போட்டித் தேர்வில் கேட்ச்சுக்கு மாற்றுச் சொல் கேட்டால் எதைக் குறிப்பது?

தனிச் சொல்லாகக் கேட்டால் கேப்சர், சீஸ், ட்ராப், கிராப் இவற்றில் எது இருக்கிறதோ அதைக் குறிக்கலாம். ஹோல்டும் சேர்ந்து கொடுத்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். வாக்கியத்தோடு கேட்டால் முதலில் எது பிடிபடுகிறது என்று பாருங்கள். நோய் என்றால் கான்ட்ராக்ட், குற்றவாளி என்றால் அப்ரிஹெண்ட் அல்லது அரெஸ்ட், கடத்தல் பொருள் என்றால் சீஸ், பேச்சு என்றால் ஹியர் அல்லது கிராஸ்ப், ரயில் என்றால் போர்டு. விடையைக் குறிப்பதற்கு முன் அந்தச் சொல்லை வாக்கியத்துக்குள் வைத்து ஒரு தடவை படித்துப் பாருங்கள், அரை நிமிஷம்கூட ஆகாது.